துரை வீட்டுத் தையல் மெஷின்

1979, கார்த்திகை தீபத்துக்கு மூன்று நாள் முன்பு, காலை பத்து மணி. தூறல் அப்போதுதான் விட்டிருந்தது. செங்கம் சாலைப் பழைய சாமான் கடை வாசலில் ரேணுகாம்பாள் டீச்சர் குடையை மடக்கினார், கோபத்தை மடக்கவில்லை.

தையல் மெஷின்மேல் சார்த்தியிருந்த கரும்பலகையை உரக்கப் படித்தார்.

"'தொண்ணூறு வருஷத்துக்கு முன் கலெக்டர் துரை வீட்டில் துரைசானி கவுன் தைத்த மெஷின். விலை ரூபாய் இரண்டாயிரம்.' யார் எழுதினது இதை, அருணகிரி?"

"நான்தாங்க டீச்சர்," என்றார் நரைத்த தலையுள்ள கடைச் சிப்பந்தி.

"இது என் பக்கத்து வீட்டுத் தனத்தோட மெஷின். மகள் பிரசவச் செலவுக்கு உங்க கடையில நூத்தைம்பதுக்குக் குடுத்துட்டு, இப்ப கை ஊசியால ஹூக்கு தைச்சுப் பிழைக்கிறா. அறுபத்திரண்டுல வேலூர்ல புதுசா வாங்கினப்ப நானும் கூடப் போனேன். துரைசானி எங்கிருந்து வந்தா?"

இழுப்பறையை இழுத்தார். உள்ளே மரத்தில் தனத்தின் பென்சில் எழுத்து: 'டீச்சர், கை ஒன்பதரை.' அந்த அளவில் எத்தனை ரவிக்கைகள்! கண் கலங்கப் பார்த்தது. மறுபடி கோபத்தைத் துணைக்கு அழைத்துக்கொண்டார்.

அந்நேரம் ஒரு ரிக்‌ஷா வந்து நின்றது. ஆசிரமத்தில் தங்கியிருந்த வெள்ளைக்காரர் ஒருவர் கை நிறைய நூறு ரூபாய்த் தாள்களோடு இறங்கினார்.

"நேத்து பலகையைப் படிச்சு அவருக்குச் சொன்னதே நான்தாண்ணே," என்றான் ரிக்‌ஷாக்காரன் சடையன். "ரெண்டாயிரம் ரெடி. எனக்கும் ஏதாச்சும் பாத்துப் பண்ணு."

அருணகிரியின் முகம் வெளுத்தது. "அது ஓடாதுப்பா. பூச்சி அரிச்சுடுச்சு."

"இரும்பை எந்தப் பூச்சிண்ணே அரிக்கும்?"

டீச்சர் குறுக்கே வந்து நின்றார். வகுப்பறை இங்கிலீஷில் மூன்றே வாக்கியம்: பலகையில் இருப்பது பொய், இது ஓர் ஏழைத் தையற்காரியின் மெஷின், எந்தத் துரைசானியும் இதைத் தொட்டதில்லை.

வெள்ளைக்காரர் கைகூப்பிவிட்டு ரிக்‌ஷாவில் ஏறிக்கொண்டார்.

"உங்க வியாபாரத்தைக் கெடுத்துட்டேன். திட்டுறதுன்னா திட்டுங்க," என்றார் டீச்சர்.

அருணகிரி துண்டால் நெற்றியைத் துடைத்தார். "தெய்வமா வந்தீங்க டீச்சர்."

"என்னது?"

"வந்த சாமானெல்லாம் வாசல்லதான் இருக்கணும்னு முதலாளி உத்தரவுங்க. பலகை எழுதுறது மட்டும்தான் என் கையில. எரநூறுன்னு போட்டிருந்தா அன்னிக்கே போயிருக்கும். 'பொங்கலுக்கு மருமகன் பணம் அனுப்புவாரு, அதுவரைக்கும் வித்துடாதீங்கண்ணே'ன்னு தனம் அழுதுட்டுப் போச்சு. அதான் ஊர்ல எவனும் நம்பாத கதை, எவனும் குடுக்காத விலை. அசலூர்க்காரர் ஒருத்தர் நம்புவார்னு யார் கண்டா?"

டீச்சர் பலகையைத் திரும்பிப் பார்த்தார்.

"பொய் சொல்லக் கூடாதுன்னு முப்பது வருஷமா பிள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுத்தவ நான்," என்றார். "சாக்பீஸ் வச்சிருக்கீங்களா?"

வாங்கினார். முந்தானையால் 'இரண்டாயிரம்' என்பதைத் துடைத்தார். பள்ளிக்கூடத்துக் குண்டுக் கையெழுத்தில் 'ஐயாயிரம்' என்று எழுதினார்.

மாட்டுப் பொங்கலன்று காலை, அந்த ஐயாயிரம் ரூபாய் மெஷினைத் தனம் நூற்றெழுபது ரூபாய் கொடுத்து எடுத்துப் போனாள். சடையனுக்கு ரிக்‌ஷாக் கூலி இரண்டு ரூபாய், டீச்சர் கொடுத்தது.