வேறு கை வேண்டாம்

"அழுத்தணும்னா இவரு கையி அழுத்தட்டும் சார். வேற ஆம்பள கையி வேணாம்."

கட்டிலில் குப்புறப் படுத்திருந்த தேவயானி இப்படிச் சொன்னதும், பிசியோதெரபிஸ்ட் ஜீவானந்தம் கையை இழுத்துக்கொண்டார். செங்கத்துக்காரர். ஜவ்வாது மலைமேல் இருக்கும் இந்தச் சின்ன ஆஸ்பத்திரிக்கு வாரம் ஒருமுறை வருகிறவர். நல்ல மனுஷன்தான், வாய்தான் சும்மா இருக்காது. நர்ஸும் அன்றைக்கென்று தடுப்பூசி போட ஊருக்குள் போயிருந்தார்.

"தப்பில்லம்மா. நான் சொல்லித் தர்றேன், உங்க வூட்டுக்காரரே பண்ணட்டும்."

சுவரோரம் நின்றிருந்த அர்ச்சுனன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் திரும்பிப் பார்த்ததும் விட்டுவிட்டான்.

அவளுக்கு இடது புட்டத்தில் வலி. ஊசி குத்துகிற மாதிரி ஆரம்பித்து, தொடை வழியாகக் கெண்டைக்கால் வரை இறங்கியது. நாள் முழுக்க ஒரு காலை மடித்து உட்கார்ந்து புளி தட்டிக் கொட்டை எடுத்ததில் வந்த வினை. பஸ்ஸில் இடம் இருந்தும் வழியெல்லாம் நின்றுகொண்டே வந்திருக்கிறாள். அவனும் உட்காரவில்லை.

"புளிக் களத்துல மூட்ட தூக்கப் போனேங்க. நின்னுக்கினே அழுதுகினு இருந்துச்சி. பாத்துட்டு வுட்டுட்டு வர மனசு வரல," என்றான்.

"நான் ஒக்காந்தாத்தான் சார் எனக்குச் சோறு. எப்படியாச்சும் ஒக்கார வெச்சிடுங்க," என்றாள் தேவயானி.

"பயப்படாதீங்க. எலும்புல ஒன்னும் இல்ல, உள்ளார ஒரு சதை இறுகி நரம்பப் புடிச்சிக்கினு இருக்கு. டெலிவரிக்கு அப்புறமும் சில பேருக்கு இப்படி வரும். கொழந்தைங்க எத்தினி?"

"இல்லீங்க," என்றான் அர்ச்சுனன். அவள் முகத்தைத் தலையணையில் புதைத்துக்கொண்டாள்.

ஜீவானந்தம் அவசரமாகப் பேச்சை மாற்றினார். "எந்தப் பக்கம் ஒருக்களிச்சுப் படுப்பாங்க?"

"முன்ன எடப்பக்கந்தாங்க. இப்ப தெரியல."

"பக்கத்துல படுக்கிறவரு நீங்க, தெரியலன்னா நான் யாரைப் போய்க் கேக்கிறது?" என்று சிரித்தார். கூடச் சிரிக்க ஆளில்லை.

முதலில் அர்ச்சுனனையே பக்கத்துக் கட்டிலில் குப்புறப் போட்டு இடத்தைக் காட்டினார். முதுகெலும்பின் அடிக்கும் இடுப்போரம் புடைத்திருக்கும் தொடை எலும்பின் மேல்முனைக்கும் நடுவே, உள்ளங்கையின் அடிப்பாகத்தால் மெல்ல ஆரம்பித்து, சதை விட்டுக்கொடுக்கும்வரை அப்படியே அழுத்திப் பிடிக்க வேண்டும். குத்தக் கூடாது, தேய்க்கவும் கூடாது.

பிறகு அவள் முறை. போர்வைக்கு மேலாக அவன் கை பட்டதும் அவள் உடம்பு விறைத்தது. பயந்துபோய்க் கையை எடுத்துவிட்டான்.

"நோவுதா?"

"நோவல. அழுத்துய்யா."

அழுத்தினான். மூட்டை தூக்கும் கை இத்தனை பதமாக இருக்கும் என்று ஜீவானந்தமே நினைக்கவில்லை. சதை கொஞ்சம் கொஞ்சமாக இளகியது. அவள் சத்தமில்லாமல் அழுதாள், தலையணை நனைந்தது.

"வலி எறங்கும்போது அப்படித்தாம்மா இருக்கும், அழுதுடுங்க. இப்படி ஒரு புருசன் கெடைக்கக் குடுத்து வெச்சிருக்கணும்," என்றார் ஜீவானந்தம். அவன் கை சற்று நின்றது. பிறகு மறுபடி அழுத்தியது.

எழுந்து உட்காரச் சொன்னார். பயந்து பயந்து கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். உட்கார முடிந்தது.

"பாத்தீங்களா? ஆனா இது இன்னிக்கோட போவாது. தெனமும் படுக்கப் போறதுக்கு முன்னாடி இவரு இதே மாதிரி அழுத்தணும். ஒரு மாசம் விடாம பண்ணா சுத்தமா சரியாயிடும். வுட்டீங்கன்னா மறுபடியும் புடிச்சிக்கும், அப்புறம் ஒக்காரவே முடியாது."

அர்ச்சுனன் தலையைக் குனிந்துகொண்டான்.

"இன்னாங்க, கட்டின பொண்டாட்டிக்கு இது கூடவா செய்ய மாட்டீங்க?" ஜீவானந்தத்துக்கு நிஜமாகவே கோபம் வந்துவிட்டது.

தேவயானி மெல்ல இறங்கி, செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டாள்.

"அவரத் திட்டாதீங்க சார். ஊர்க்கூட்டத்துல எங்களப் பிரிச்சி வுட்டுட்டாங்க, வர்ற வெள்ளிக்கிழம அவருக்குக் கல்யாணம்."