மூலையில் கிடந்த கூடு

நாற்பது வருஷத்துப் படகு இன்ஜின் ஒன்றைப் பட்டறையில் பழுதுபார்த்துப் பெயிண்ட் அடித்து நிறுத்தியிருந்தார்கள். அந்த மிதப்பில், மூலையில் வெறுங்கூடாகக் கிடந்த இன்னொரு இன்ஜினைப் பார்த்து அது இளித்தது.

“நீ இன்னும் காயலான் கடைக்குப் போகலையா?”

“போகணும் தம்பி. அந்தக் கார்புரேட்டர் காலையில கொஞ்சம் அடம்பிடிக்கும். பயந்துடாதே. ரெண்டு தட்டு தட்டினா சரியாயிடும்.”

“என் கார்புரேட்டரைப் பத்தி உனக்கென்ன தெரியும்?”

“முப்பது வருஷம் எங்கிட்டதானே இருந்துச்சு!”



மெக்கானிக் ரெமிஜியூஸ் வந்து கயிற்றை இழுத்தார். கிளம்பவில்லை. கார்புரேட்டரை இரண்டு தட்டு தட்டிவிட்டு மறுபடி இழுத்தார். இன்ஜின் உறுமியது.

“ஓடிருச்சு! ஓடிருச்சு!” என்று எல்லாருக்கும் முன்னால் கத்தியது கூடுதான்.

அதன் முகத்தில் எப்படி முழிப்பதென்று இன்ஜினுக்குத் தெரியவில்லை.