கை காட்டுகிறவள்

மலைமேல் தேசியப் பூங்காவுக்குப் போகும் நெடுஞ்சாலையில் கணவன் பஸ் ஓட்டுகிறான். கொண்டை ஊசி வளைவில் அவன் ஹாரன் அடித்ததும், அங்குள்ள வீட்டிலிருந்து ஒருத்தி ஓடிவந்து கை காட்டுகிறாளாம். பக்கத்து வீட்டுக்காரிதான் டிரைவர் மனைவியிடம் வந்து சொன்னாள்.

"பாக்க எப்படி இருக்கா?"

"லட்சணமாத்தான் இருக்கா."

டிரைவர் மனைவி மறுநாள் கணவன் பஸ்ஸுக்கு முந்தைய பஸ்ஸில் கிளம்பி, ஒரு நிறுத்தம் கீழேயே இறங்கி, விறுவிறுவென்று ஏறி வந்தாள். வளைவு வீட்டு வாசலில் அந்தக் கை காட்டுகிறவள் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"இந்தா, என் வீட்டுக்காரருக்கு இனிமே கை காட்டுற வேலை வேணாம்!"

"யாரு அக்கா உங்க வீட்டுக்காரர்? லாரியா, பஸ்ஸா?"

"எத்தனை பேருக்குடி காட்டுறே?"

"ஹாரன் அடிக்கிற எல்லாருக்கும்தான். ஏறி வர்றவங்களுக்கு எதிர்ல இறங்குற வண்டி தெரியாது. இங்க நின்னா ரெண்டு பக்கமும் தெரியும். ரோடு காலியா இருந்தா, வரலாம்னு கை காட்டுவேன்." குரல் தணிந்தது. "எங்க வீட்டுக்காரர் பைக்ல மலை ஏறி வந்த அன்னிக்கு, காட்ட யாருமில்லக்கா."

கீழே பழகிய ஹாரன் கேட்டது.

"உங்க வீட்டுக்காரரா? நான் காட்டட்டுமா, வேணாமா?"

டிரைவர் மனைவி தானே சாலையோரத்துக்கு ஓடினாள். சாலையின் மேல்பக்கம் பார்த்தாள். வண்டி எதுவும் இல்லை. கையை உயர்த்தி வீசினாள்.

பஸ் வளைவில் திரும்பியது. டிரைவர் மிரண்டுபோய்த் தலையை நீட்டினான். "நீ எங்கடி இங்க?"

"என்னை என்ன பார்வை? ரோட்டைப் பாத்து ஓட்டுங்க!" என்று கத்தினாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே.