ஷரீஃப் சொல்லாத கேட்ச்

பொய் சொன்னா எனக்கு ஆகாது. அதுவும் இருநூறு பேர் நடுவுல நின்னுக்கிட்டு ஒருத்தன் சொன்னா?

யுத்தம் முடிஞ்ச அடுத்த பொங்கல். சேப்பாக்கத்துல வெள்ளைக்காரங்களுக்கும் நம்ம ஆளுங்களுக்கும் கிரிக்கெட். பனகல் பார்க் கம்பத்துல கட்டின ரேடியோவுல கமெண்டேட்டர் இங்கிலீஷ்ல பொரிஞ்சு தள்றார். கீழே நிக்கிற கூட்டத்துக்கு அதைத் தமிழ்ல சொல்றவன் தையல் கடை ஷரீஃப்.

வெள்ளைக்கார கேப்டன் தூக்கி அடிச்சான். லட்டு மாதிரி கேட்ச். நம்ம பேட்டைப் பையன் வலியுல்லா கோட்டை விட்டுட்டான். ரேடியோ தெளிவா சொல்லுது.

ஷரீஃப் என்ன சொன்னான் தெரியுமா? பந்து வலியுல்லாவுக்கு எட்டவே இல்லையாம். கூட்டம் உச்சுக்கொட்டிச்சு. எனக்குப் பத்திக்கிட்டு வந்தது.

"கமெண்டேட்டர்னா யாருன்னு தெரியுமாய்யா உனக்கு?"

"ஆட்டத்தைச் சொல்றவரு சார்."

"டிக்ஷனரியைப் பாரு. அந்தக் காலத்துல உரை எழுதினவனுக்குத்தான் அந்தப் பேரு. மூலத்துல இருக்கறதை விளக்கறவன். இங்கே ரேடியோதான் மூலம், நீ உரை. மூலத்தையே மாத்தறியே, வெக்கமா இல்லை?"

வேண்டாம் சார்னு கண்ணைக் காட்டினான். நான் விடுவேனா? பெஞ்சு மேல ஏறி, வலியுல்லா கையில விழுந்த கேட்ச்சை விட்டுட்டான்னு எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொன்னேன்.

கூட்டம் கொதிச்சது. வலியுல்லா வெள்ளைக்காரனுக்கு விலை போயிட்டான்னு ஒருத்தன் ஆரம்பிச்சான், பத்துப் பேர் பிடிச்சுக்கிட்டாங்க. உண்மை தெரிஞ்சா கோபம் வரத்தானே செய்யும்னு நினைச்சுக்கிட்டேன்.

ஓரமா வலியுல்லாவோட அப்பா ஷாஹுல் ஹமீது நின்னுக்கிட்டிருந்தார். ஓஹோ, இவர் மனசு நோகக் கூடாதுன்னுதான் ஷரீஃப் புளுகியிருக்கான். கிட்டப் போனேன்.

"இங்கிலீஷ் தெரியாதுன்னு உங்களையே ஏமாத்தியிருக்கான் பாய்."

"இருபது வருசம் தொரை வூட்ல பட்லரா இருந்தவன் சார் நான். ரேடியோ சொன்னது அப்பவே புரிஞ்சிடுச்சு. ஷரீஃப் மறைச்சது எனக்காக இல்ல."

அவர் என்னைப் பார்க்கலை. பார்க் வாசல்ல நாலு பேர் குனிஞ்சு கல் பொறுக்கறதைப் பார்த்துக்கிட்டிருந்தார்.

"சாயங்காலம் என் மவன் இந்த வழியாத்தான் வூட்டுக்கு வரணும்."