குறை சொல்ல ஒருத்தி

"நல்லா இருக்குங்க டாக்டர். ரொம்ப நல்லா இருக்கு."

கீரமங்கலத்திலிருந்து வந்திருந்த பெரியண்ணன் கையெடுத்துக் கும்பிட்டார். டாக்டர் வனிதா அவர் கொண்டுவந்த ஜெல் டியூபைத் திருப்பிப் பார்த்தார். அதன் வாயில் ஒட்டியிருந்த சீல் உடைபடவே இல்லை.

"என்னண்ணே, இதத் திறக்கவே இல்லையே?"

பெரியண்ணன் தலையைச் சொறிந்தார். "சுத்தம் பண்ணுனதுலயே ரத்தம் நின்னுருச்சுங்க. அதோட விட்டுட்டேன். நீங்க இவ்வளவு பாத்துப் பாத்துச் செய்றீங்க, நல்லா இல்லைன்னு எந்த வாயால சொல்றது?"

அடுத்து உட்கார்ந்திருந்த கண்ணாத்தாள் சத்தமாகச் சிரித்தார்.

"அவரு சரியாத்தான் சொல்றாரு டாக்டர். திறக்காத வரைக்கும் அது நல்ல ஜெல்லுதான்!"

புதுக்கோட்டையில் இருந்த அந்தப் பல் மருத்துவமனையில் சில மாதங்களாக ஒரு சோதனை நடந்துகொண்டிருந்தது. ஈறு நோய் முற்றி வந்தவர்களுக்கு டாக்டர் வனிதா பல்லின் வேர் வரைக்கும் சுத்தம் செய்துவிடுவார். அவர்களில் பாதிப் பேர், அதோடு தினமும் வீட்டில் ஒரு ஜெல்லை ஈறில் தடவிவர வேண்டும். ஜெல்லால் கூடுதல் பலன் இருக்கிறதா, தடவுவதில் என்ன தொந்தரவு என்று பார்த்துச் சொல்வது வனிதாவின் பொறுப்பு.

அன்று கடைசிப் பரிசோதனை. அவர் எழுதித் தருவதை வைத்துத்தான் ஜெல் கடைக்குப் போகும். தப்பாக எழுதினால், அதை நம்பி வாங்குகிறவர்களின் பல்தான் போகும். வந்தவர்களோ டாக்டர் மனம் கோணக்கூடாதே என்று ஆளுக்கு ஒரு கும்பிடு போட்டு, 'நல்லா இருக்கு' என்று சொல்லிவிட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள்.

கண்ணாத்தாள் மட்டும் அந்த வகையில் சேரவில்லை. திருமயம் பக்கத்துக்காரர். ஐம்பதைத் தாண்டியவர். முதல் முறை வந்தபோதே, "இதுல இருக்குற கிராம்புக் காரம் நாக்கச் சுடுது, சின்னப் புள்ளைக தடவுனா அழுதுரும்" என்றார். இன்னொரு முறை, "நம்ம ஊரு வெயிலுக்கு இது தண்ணியா ஓடுது. ஈறுல நிக்காம நேரா தொண்டைக்குள்ள எறங்குது" என்றார். மூடி ஈரக்கையில் வழுக்குவதைக்கூட விடவில்லை.

"நல்லா இருக்குன்னு சொல்றதுக்கு நான் எதுக்குப் பஸ் ஏறி வரணும்? போன்லயே சொல்லிர மாட்டேனா?" என்பார்.

வனிதாவுக்கு அவரை மிகவும் பிடித்துப்போனது. அவர் வருகிற நாளில் தன்னை அறியாமல் வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

"வாங்க ஆச்சி, ஒக்காருங்க. இன்னைக்கி என்ன குறை?"

"நாற்காலிதான் டாக்டர். படுக்கவும் விடாது, ஒக்காரவும் விடாது."

வனிதா சிரித்தபடி அளவுக்கம்பியைப் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவில் மெல்ல விட்டு ஆழத்தை அளந்து பார்த்தார். தொட்டாலே ரத்தம் கசிந்த ஈறுகள் இப்போது வெளிர்ச் சிவப்பில் பல்லை இறுகப் பிடித்திருந்தன.

பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவர் அரவிந்த்குமார். ஜெல் தயாரிக்கும் கம்பெனியில் புதிதாக வேலைக்குச் சேர்ந்து, சென்னையிலிருந்து வந்திருந்தார்.

"சூப்பர் டாக்டர்! இவங்களுக்குத்தான் எல்லாரையும் விட நல்லா ஆறியிருக்கு. இந்த அளவை ரிப்போர்ட்ல முதல்ல போடுங்க. அந்தக் குறையையெல்லாம் விட்டுருவோம்."

"அது எப்படி விடுறது?" வனிதாவின் குரல் கறாரானது. "ஆச்சி காரம்னு சொன்ன பிறகுதான் மத்தவங்கள நான் துருவிக் கேட்டேன். பாதிப் பேரு காரத்துக்குப் பயந்து தடவுறதையே நிறுத்தியிருக்காங்க. உள்ளதச் சொன்னது இவங்க ஒருத்தங்கதான். ரிப்போர்ட்ல அளவும் இருக்கும், குறையும் இருக்கும்."

"கொஞ்சம் யோசிங்க டாக்டர். இந்த ஜெல்லைக் கண்டுபிடிச்சவரு, இது கடைக்கு வர்றதப் பாக்காமலே போன வருஷம் தவறிட்டாரு. அவருக்கு நாம ஒரு மரியாதை செய்ய வேண்டாமா?"

கண்ணாத்தாள் வாய் கொப்பளித்துத் துப்பிவிட்டு நிமிர்ந்தார்.

"டாக்டர், எனக்கு ஒரு உதவி பண்ணுங்க. என் ஈறு அளவ மட்டும் கணக்குல சேக்காதீங்க. நான் சொன்ன குறைய எல்லாம் அப்படியே எழுதிக்கங்க."

வனிதாவுக்குப் புரியவில்லை. "என்ன ஆச்சி, தலைகீழாச் சொல்றீங்க? இவ்வளவு அருமையா ஆறியிருக்கே!"

"ஆறுனது உண்மைதான். ஆனா அது வேண்டாம்."

அரவிந்த்குமாருக்குக் கோபம் வந்துவிட்டது. "நல்லது நடந்ததச் சொல்லக்கூடாது, குறைய மட்டும் எழுதணுமா? இதச் செஞ்ச மனுஷன் உயிரோட இருந்திருந்தா ஒங்க பேச்சக் கேட்டு நொந்துபோயிருப்பாரும்மா."

கண்ணாத்தாள் நாற்காலியிலிருந்து மெல்ல இறங்கினார். முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டார். அவர் குரலில் அதுவரை இருந்த கேலி இல்லை.

"நொந்துக்க மாட்டாக தம்பி. 'ஊரே மரியாதைக்கு நல்லா இருக்குன்னுதான் சொல்லும், நீயாவது உள்ளதச் சொல்லு கண்ணாத்தா'ன்னு ஆசுபத்திரிக் கட்டில்ல கெடந்து என் கையப் புடிச்சுக் கேட்டுக்கிட்டாக. நான் யாருன்னு மொதல்லயே சொல்லியிருந்தா நீங்க என்னயச் சேத்திருக்க மாட்டீக. அதுக்காக, பொண்டாட்டி ஈறு ஆறுனதக் காட்டி அவுக மருந்த விக்கக்கூடாதுல்ல?"