குட்டையின் தலையில் நெட்டை

"முதல்ல அந்தம்மாவை நிறுத்துங்க அண்ணி! கேட்டுக் கேட்டு எனக்கே தலை சுத்துது" என்று கைப்பேசியை எடுக்க வந்தாள் நாத்தனார்.

"கையை வெச்சே, ஊசியாலயே குத்திடுவேன்" என்றாள் அண்ணி, நிமிராமல்.

கைப்பேசி மேசைமேல், ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியைப் பார்த்தபடி சாய்ந்து நின்றது. வீடியோவில் முகம் இல்லை. இரண்டு கைகளும் ஒரு குரலும்தான். அந்தக் கைக்காரி குரோஷா ஊசியை வலது கையில் பிடித்திருந்தாள். இவள் பிடித்திருந்ததோ இடது கையில். நேராகப் பார்த்தால் எல்லாம் இடம் வலமாகக் குழம்புகிறது என்று, கண்ணாடியில் தெரிவதைப் பார்த்துப் பார்த்துப் போட்டுக்கொண்டிருந்தாள். பின்னலின் ஓரத்தைத் துணி கிளிப்பால் மேசை விளிம்போடு கவ்வ வைத்திருந்தாள். நூல் துள்ளாமல் இருக்க, அதை வலது உள்ளங்கைக்கு அடியில் ஓட விட்டிருந்தாள்.

"ஒரு குட்டைக் கண்ணி, ஒரு நெட்டைக் கண்ணி" என்றது வீடியோ. "அடுத்த வரிசையில குட்டை தலையில நெட்டை, நெட்டை தலையில குட்டை. பக்கத்துல ரெண்டு குட்டையும் இழுக்கறதால நெட்டைக்கு நிமிர முடியாது, முன்னால புடைச்சுக்கும். துணி முழுக்க மணி தூவின மாதிரி மேடு மேடா வரும். ரொம்ப ஈஸிதாங்க. சின்னப் புள்ளைகூடப் போடும்."

"ஈஸியாம்ல ஈஸி!" அண்ணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "திமிரைப் பாரேன். கத்துக்கறவ கை எப்படித் தடுமாறும்னு ஒரு நிமிஷம் யோசிச்சிருப்பாளா? ரயிலைப் பிடிக்கப் போறவ மாதிரி ஓடறா."

"அந்தம்மா கை அப்படி. அது வேற, இது வேற. ஒத்துக்கிட்டுப் போங்களேன். அவங்களோட உங்களுக்கு என்ன போட்டி?"

"இருக்கு. உனக்கு என்ன வந்துச்சு?"

அக்கம்பக்கத்துப் பெண்களுக்கான குரோஷா வகுப்பு திங்கட்கிழமை தொடங்குகிறது. அதை நடத்தும் மன்றத்தின் செயலாளர் சாயங்காலம் வீட்டுக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். இந்த மேட்டுப் பின்னலில் ஒரு கையகலத் துண்டை அவர் கண்ணெதிரே வைத்தால் வகுப்பில் அவளுக்கு இடம். இல்லாவிட்டால் அது வேறொருத்திக்கு. அந்த வேறொருத்தி இப்போதே பையும் கையுமாகத் தயாராக இருக்கிறாளாம்.

"அவளே போகட்டுமே அண்ணி. இந்த ஒரு வகுப்பு இல்லாட்டி குடியா முழுகிடும்?"

"முழுகும்."

"ஆறு மாசம் போகட்டும், அப்புறமா..."

"ஆறு மாசத்துல நீயும் உங்க அண்ணனும் சேர்ந்து என்னைப் போர்வை போத்தி மூலையில உட்கார வெச்சுடுவீங்க. கையில டிவி ரிமோட்டைக் குடுத்துட்டு, பாசமாப் பார்த்துக்கறோம்னு ஊரெல்லாம் சொல்லுவீங்க. போடி."

நாத்தனாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. குனிந்து பின்னலைப் பார்த்தாள். "அட, நல்லாத்தானே வந்திருக்கு! முடிஞ்ச மாதிரிதான்."

அண்ணி பின்னலை விரலால் தடவிக்கொண்டே வந்தாள். நடுவில் விரல் நின்றது.

"இங்க பார். நெட்டை தலையிலேயே நெட்டையை வெச்சுத் தொலைச்சிருக்கேன். மேடே இல்ல. கம்பி நட்ட மாதிரி நேரா நிக்குது."

"எனக்கு ஒண்ணுமே தெரியல. அந்த ஆளுக்கு மட்டும் தெரியவா போகுது?"

"எனக்குத் தெரியுது இல்ல?"

ஊசியை உருவிக் கீழே வைத்தாள். நூல் முனையைப் பிடித்து இழுத்தாள். சர்ரென்று வரிசை வரிசையாக அவிழ்ந்து, பாதிக்கு மேல் சுருள் சுருளாக மேசையில் கிடந்தது.

"ஐயையோ! என்ன அண்ணி பண்றீங்க? அவர் கிளம்பியே இருப்பார்!"

"வரட்டும். இவ முன்னால தப்போட நிக்க மாட்டேன்" என்றாள் அண்ணி, கண்ணாடியைப் பார்த்து.

"நூலையாவது நான் பிடிச்சுக்கறேன்."

"தொடாதே."

குட்டை, நெட்டை. ஊசி நழுவி விழுந்தது, எடுத்தாள். மறுபடி நழுவியது, திட்டிக்கொண்டே எடுத்தாள். நெற்றி வியர்வை கண்ணில் இறங்கியது, தோளால் துடைத்துக்கொண்டாள்.

அழைப்பு மணி அடித்தது.

நாத்தனார் அண்ணியை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு நிதானமாகப் போய்க் கதவைத் திறந்து, வாசலிலேயே நிறுத்தி, வெயில், நெரிசல், அவர் வண்டி தரும் மைலேஜ் என்று செயலாளரிடம் பேச்சை வளர்த்தாள். மனிதர் உள்ளே வந்து சேர்வதற்குள் இன்னும் இரண்டு வரிசை ஏறியிருந்தது.

"கையகலம்னு சொல்லியிருந்தேனே?" என்றார் அவர்.

"நாலு விரல் அகலம் இருக்கு. எடுத்துப் பாருங்க. ஒரே ஒரு தப்பைக் காட்டுங்க, நானே அந்த இன்னொருத்திக்குப் போன் போட்டு வரச் சொல்றேன்."

செயலாளர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டார். துண்டை வெளிச்சத்தில் பிடித்தார், திருப்பினார், கட்டைவிரலால் ஒவ்வொரு மேடாகத் தடவினார்.

"தப்பு இல்ல" என்று துண்டை மேசையில் வைத்தவர், ஓடிக்கொண்டிருந்த வீடியோவைக் கவனித்துக் குரலைத் தாழ்த்தினார். "போன வருஷம் மன்றத்துல நான்தானே இதைப் படம் பிடிச்சேன். உங்க வலது கை அன்னைக்கு என்ன ஓட்டம் ஓடுச்சு, டீச்சர்!"

பக்கவாதம் வந்த நாளிலிருந்து அசையாமல் கிடக்கும் அந்தக் கையை இடது கையால் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, "அவ கிடக்கறா. திங்கட்கிழமை என்கிட்ட எத்தனை பேர் கத்துக்க வர்றாங்க, அதைச் சொல்லுங்க" என்றாள்.