ஏழாம் வரிசைக் கல்

போர்க் கல்லறைத் தோட்டத்தில் எழுத்து அழிந்த கற்களைப் படித்து, யார் எங்கே புதைக்கப்பட்டார் என்று பதிவேட்டில் குறிப்பது அவளுடைய வேலை. கல்லைத் தண்ணீரால் நனைத்து, பக்கத்திலிருந்து கண்ணாடியால் வெயிலைத் திருப்பினால் மங்கிய எழுத்துகள் தெரியும்.

அன்று காலை ஏழாம் வரிசையில் ஒரு கல்லின் எழுத்துகள் தெளிவாகத் தெரிந்தன. பெயரும் படை எண்ணும் பதிவேட்டோடு பொருந்தின. வயது மட்டும் பொருந்தவில்லை. பதிவேட்டில் பத்தொன்பது. கல்லில் எண்பத்தொன்று.

மூன்று முறை நனைத்துப் பார்த்துவிட்டு அந்த வீரனின் தங்கைக்கு போன் செய்தாள். அண்ணன் எங்கே கிடக்கிறான் என்று கேட்டு அறுபத்திரண்டு வருடங்களாகக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தவர் அவர்.

மறுநாளே வாடகைக் காரில் வந்துவிட்டார். கல்லின் முன் உட்கார்ந்து எழுத்துகளை விரலால் தடவினார்.

"வயசைத் தப்பா செதுக்கியிருக்காங்கம்மா. திருத்தச் சொல்லி எழுதுறேன்," என்றாள் அவள்.

"வேண்டாம்மா, சரியாத்தான் இருக்கு. எனக்கு எழுபத்தொன்பது. அவன் என்னைவிட ரெண்டு வயசு பெரியவன். ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் அவனுக்கு என்ன வயசாச்சுன்னு எண்ணிக்குவேன். வீட்டுல அதை எண்ண வேற யாரும் இல்ல."

அதன்பின் வருடாந்திரச் சரிபார்ப்பின்போதெல்லாம் அவள் அந்தக் கல்லை நனைத்துப் பார்த்தாள். எண்பத்திரண்டு. எண்பத்து மூன்று. எண்பத்து நான்கு.

அந்தக் கோடையில் தங்கை காலமானதாகத் தகவல் வந்தது.

அடுத்த வருடம் நனைத்தபோது எண்பத்து நான்கு. அதற்கடுத்த வருடமும் எண்பத்து நான்கு.